உலகக் கிண்ணத்தை நேரில் பார்க்க எத்தனை மாதச் சம்பளம்? செந்தூல் ரசிகருக்கு ஒரு செலவுக் கணக்கு

செந்தூல் தீமோர் எல்ஆர்டி நிலையத்தில் ஏறினால், இடையில் எங்கும் ரயில் மாறாமல் புக்கிட் ஜாலிலில் இறங்கலாம். அங்கே 87,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கம் இருக்கிறது. ஹரிமாவ் மலாயா ஆடும் மாலைகளில் மஞ்சள் சட்டை அணிந்த இளைஞர்களால் அந்த ரயில் நிரம்பி வழியும். ஓர் அனைத்துலக ஆட்டத்தைப் பார்க்க செந்தூல்வாசிக்குத் தேவைப்படுவது டிக்கெட் காசும், போக வர ரயில் கட்டணமும், இடைவேளையில் ஒரு தண்ணீர் போத்தலும்தான்.

அதே இளைஞர் உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் கணக்கு வேறு. 2018-லும் 2022-லும் வெளிநாட்டு ரசிகருக்கான மலிவான இறுதியாட்ட டிக்கெட், நம் நாட்டின் குறைந்தபட்ச சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது. 2026-இல் அது ஏறக்குறைய பத்து மாதச் சம்பளமாகிவிட்டது.

எட்டு ஆண்டுகளில் ஒரு டிக்கெட் இந்த உயரத்துக்கு எப்படிப் போனது? டிக்கெட்டுக்கு மேல் வேறு என்னென்ன செலவுகள் காத்திருக்கின்றன? சேமிப்பில் கை வைப்பதற்கு முன் ஒரு குடும்பம் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

போட்டி ஒரு பார்வையில்

2026 உலகக் கிண்ணம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை நடைபெறுகிறது. கத்தாரில் 32 அணிகள் 64 ஆட்டங்களில் மோதின. இம்முறை 48 அணிகள், 104 ஆட்டங்கள். மொத்தம் 16 நகரங்கள்: அமெரிக்காவில் 11, மெக்சிகோவில் 3, கனடாவில் 2. தொடக்க ஆட்டம் மெக்சிகோ சிட்டியின் அஸ்தெக்கா அரங்கில். இறுதியாட்டம் நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சியில்.

ஆட்டங்கள் கூடியிருப்பதால் விற்பனைக்கு வரும் டிக்கெட்டுகளும் கூடியிருக்கின்றன. சந்தைக்குச் சரக்கு அதிகமாக வந்தால் விலை இறங்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே நடந்தது நேர்மாறு.

ஏறி வந்த விலை

அமெரிக்காவில் உலகக் கிண்ணம் நடப்பது இது முதன்முறை அல்ல. 1994-இல் அங்கு நடந்த போட்டியில் டிக்கெட் விலை 25 டாலரில் தொடங்கி 475 டாலரில் முடிந்தது. விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தாலும், அந்த 475 டாலர் இன்றைய மதிப்பில் சுமார் 1,000 டாலர்தான்.

2026 போட்டியை நடத்த உரிமை கேட்டு 2018-இல் மூன்று நாடுகளும் சமர்ப்பித்த ஆவணத்தில், மலிவான டிக்கெட் 21 டாலர் என்றும் இறுதியாட்டத்தின் மிக உயர்ந்த டிக்கெட் 1,550 டாலர் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. 2025 செப்டம்பரில் விற்பனை தொடங்கியபோது ஃபிஃபா அறிவித்த விலை 60 டாலரிலிருந்து 6,730 டாலர் வரை. அதே ஆண்டு டிசம்பரில் தகுதி பெற்ற நாடுகளின் சங்கங்களுக்கு அனுப்பப்பட்ட பட்டியலில் குழு ஆட்டங்கள் 180 முதல் 700 டாலர் வரை இருந்தன. இறுதியாட்டத்துக்குக் குறைந்த விலை 4,185 டாலர், உயர்ந்த விலை 8,680 டாலர்.

டாலர் எண்களை மட்டும் பார்த்தால் நமக்கு அதன் கனம் தெரியாது. நம் குறைந்தபட்ச சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் தெரியும்.

2018 ரஷ்யா: வெளிநாட்டு ரசிகருக்கு மலிவான இறுதியாட்ட டிக்கெட் 455 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 1,840 ரிங்கிட். தீபகற்பத்தில் அப்போதைய குறைந்தபட்ச சம்பளம் 1,000 ரிங்கிட். அதாவது 1.8 மாதச் சம்பளம்.

2022 கத்தார்: 604 டாலர். சுமார் 2,670 ரிங்கிட். அப்போதைய குறைந்தபட்ச சம்பளம் 1,500 ரிங்கிட். மீண்டும் 1.8 மாதச் சம்பளம்தான்.

2026: டிசம்பர் பட்டியலின்படி 4,185 டாலர். ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 16,740 ரிங்கிட். இன்றைய குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். இது 9.8 மாதச் சம்பளம்.

ரஷ்யாவிலிருந்து கத்தாருக்குப் போனபோது டாலர் விலை ஏறியது. நம் சம்பளமும் ஏறியதால் சுமை மாறவில்லை. கத்தாரிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும்போது சம்பளம் 200 ரிங்கிட் ஏறியிருக்கிறது. டிக்கெட்டோ 14,000 ரிங்கிட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது.

விலை எப்படி ஏறுகிறது?

இதற்கு முதல் காரணம் விற்கும் முறை மாறியதுதான். முன்பு ஃபிஃபா ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விலையை நிர்ணயித்து அறிவித்துவிடும். டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் கேள்வியாக இருக்கும். விலை என்ன என்பது முன்கூட்டியே தெரியும். இம்முறை உலகக் கிண்ணத்தில் முதன்முறையாகத் தேவைக்கேற்ப மாறும் விலை முறை புகுத்தப்பட்டுள்ளது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. மழை பெய்யும் மாலையில் கிராப் கட்டணம் ஏறுவது இப்படித்தான். பள்ளி விடுமுறைக்கு முன்தினம் பினாங்கு விமான டிக்கெட் ஏறுவதும் இப்படித்தான். தேவை கூடினால் விலை கூடும்; கூட்டம் குறைந்தால் விலை இறங்கும்.

இறங்கவும் செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கிண்ணத்தில், செல்சியும் ஃபுளுமினென்சியும் மோதிய அரையிறுதி ஆட்டத்தின் டிக்கெட் 473.90 டாலரிலிருந்து 13.40 டாலருக்கு இறங்கியது. ஆனால், கடைசி நேரம் வரை காத்திருந்து மலிவாக வாங்கும் வாய்ப்பு அரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குத்தான் பயன்படும். விமானமும் விசாவும் மாதக்கணக்கில் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டிய செந்தூல் ரசிகருக்கு அது உதவாது. விலை ஏறும்போது பாதிக்கப்படுபவர்களில் அவரும் இருப்பார். இறங்கும்போது பலன் பெறுபவர்களில் அவர் இருக்க மாட்டார்.

மறுவிற்பனையில் ஒரு பங்கு

இரண்டாவது காரணம் மறுவிற்பனை. டிக்கெட் வாங்கியவர் போக முடியாமல் போனால், ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் அதை விற்கலாம். அங்கே வாங்குபவரிடம் 15 விழுக்காடு, விற்பவரிடம் 15 விழுக்காடு என ஃபிஃபா இருபக்கமும் கட்டணம் எடுத்துக்கொள்கிறது. 1,000 டாலர் என்று விலை வைத்த ஒரு டிக்கெட்டுக்கு வாங்குபவர் 1,150 டாலர் கட்டுவார். விற்பவர் கைக்கு 850 டாலர் வரும். நடுவே 300 டாலர் ஃபிஃபாவுக்குப் போகும்.

மெக்சிகோவில் வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்ய முடியாதபடி கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் நடக்கும் ஆட்டங்களுக்கு ஃபிஃபா தளத்தில் அத்தகைய உச்சவரம்பு வைக்கப்படவில்லை. விற்பவர் சொல்வதுதான் விலை. ஆகவே இணையத்தில் உலவும் லட்சக்கணக்கான ரிங்கிட் விலைகளைப் பார்த்து, அதுதான் டிக்கெட்டின் உண்மையான விலை என்று எண்ணிவிடக் கூடாது. அது கேட்கும் விலை; யாரும் வாங்காமலே அந்தப் பக்கத்தில் கிடந்தாலும் கிடக்கும்.

60 டாலர் டிக்கெட் யாருக்கு?

டிசம்பர் விலைப்பட்டியல் வெளியானதும் ஐரோப்பிய ரசிகர்களின் கூட்டமைப்பான ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் யூரோப் கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. தன் அணியை முதல் ஆட்டத்திலிருந்து இறுதியாட்டம் வரை பின்தொடரும் ஒரு ரசிகருக்கு டிக்கெட்டுக்கு மட்டும் குறைந்தது 6,900 டாலர் ஆகும் என்றும், இது கத்தாரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் அது கணக்குக் காட்டியது.

சில நாட்களில், டிசம்பர் 16-ஆம் தேதி, ஃபிஃபா ஒரு சலுகையை அறிவித்தது. இறுதியாட்டம் உட்பட 104 ஆட்டங்களுக்கும் 60 டாலர் டிக்கெட் உண்டு என்பதே அது. செய்தித் தலைப்பில் படித்த பலரும் நமக்கும் 240 ரிங்கிட்டில் கிடைக்கும் என்று நம்பினர்.

நடைமுறை அப்படி இல்லை. ஓர் ஆட்டத்தில் மோதும் இரு அணிகளின் தேசியச் சங்கங்களுக்கும் அரங்க இருக்கைகளில் தலா 8 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்குதான் 60 டாலர் டிக்கெட். 80,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் என்றால் ஓர் அணிக்கு 6,400 இடங்கள். அதில் 640 மட்டுமே 60 டாலருக்குக் கிடைக்கும். அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த நாட்டுச் சங்கம் தன் விசுவாசமான ரசிகர்களைப் பார்த்து முடிவு செய்யும்.

மலேசியா இந்த உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. 2024 ஜூன் மாதத்திலேயே ஆசியத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தோடு நம் அணி வெளியேறிவிட்டது. எனவே நம் சங்கத்தின் வழியாக வரும் ஒதுக்கீடு என்று எதுவும் இல்லை. அர்ஜெண்டினாவையோ பிரேசிலையோ உயிராக நேசிக்கும் செந்தூல் ரசிகர் பொது விற்பனை வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பதற்கு ஓர் எண் போதும்: 2025 டிசம்பர் 11 முதல் 2026 ஜனவரி 13 வரை நடந்த குலுக்கல் கட்டத்தில் மட்டும் 500 மில்லியனுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் வந்ததாக ஃபிஃபா தெரிவித்தது.

டிக்கெட்டுக்கு அப்பால்

டிக்கெட் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதாக அர்த்தமில்லை. அமெரிக்கா செல்ல மலேசியர்களுக்கு விசா தேவை. அதன் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், சுமார் 740 ரிங்கிட். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலும் உண்டு. விசா மறுக்கப்பட்டாலும் கட்டிய பணம் திரும்பாது. டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நேர்காணல் தேதி விரைவாகக் கிடைக்க ஃபிஃபா பாஸ் என்ற ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அது தேதிக்கான சலுகை மட்டுமே. விசா கிடைக்கும் என்ற உறுதி அல்ல.

தன் அணி டொரோண்டோவிலோ வான்கூவரிலோ ஆடினால் கனடா விசாவும் எடுக்க வேண்டும். அதற்கு விண்ணப்பக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைப் பதிவுக்கு இன்னும் 85 கனடிய டாலர்.

அடுத்து தூரம். கத்தாரில் எட்டு அரங்குகளும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கின. ஒரே அறையில் தங்கி எல்லா ஆட்டங்களையும் பார்க்க முடிந்தது. டிக்கெட் வைத்திருந்தவர்கள் ஹய்யா அட்டையைக் காட்டி விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழையவும், மெட்ரோ ரயிலில் இலவசமாகப் போகவும் முடிந்தது. பரந்த நாடான ரஷ்யாவிலும் 2018-இல் ரசிகர் அடையாள அட்டை இருந்தால் விசா தேவைப்படவில்லை; போட்டி நகரங்களுக்கு இடையே இலவச ரயில்கள் ஓடின.

இம்முறை வான்கூவரிலிருந்து மியாமி 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஓர் ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்துக்குப் போக உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியிருக்கும். கோலாலம்பூரிலிருந்து இந்தப் போட்டி நகரங்களுக்கு நேரடி விமானமும் கிடையாது; இடையில் வேறொரு நாட்டில் மாறித்தான் போக வேண்டும். போட்டிக் காலத்தில் தங்கும் அறைகளின் வாடகையும் டிக்கெட்டைப் போலவே தேவையைப் பார்த்து ஏறும்.

குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் அரங்கத்துக்குள் தனி டிக்கெட் தேவை. விசாக் கட்டணமும் ஆளுக்கு ஆள் தனித்தனி.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இறுதியாட்டத்தை விட்டுவிடலாம். டிசம்பர் பட்டியலில் இருந்த மலிவான குழு ஆட்டத்தின் விலையான 180 டாலரையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். அது 720 ரிங்கிட். அமெரிக்க விசா 740 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து ஒருவருக்கு 1,460 ரிங்கிட். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே குறைந்தபட்ச சம்பளத்தில் பெரும்பகுதி போய்விட்டது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 5,840 ரிங்கிட்.

இதற்கு மேல் விமான டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், பயணக் காப்புறுதி என ஐந்து வரிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலையைக் கேட்டு நிரப்ப வேண்டும். வங்கி அட்டையில் டாலரில் பணம் கட்டும்போது வங்கி எடுக்கும் நாணய மாற்றுக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். கடைசியில் வரும் தொகையைப் பார்த்த பிறகுதான் டிக்கெட் பக்கத்தைத் திறப்பது நல்லது. டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குபவர்களே அதிகம் சிக்கிக்கொள்வார்கள். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் வழி பொதுவாக இல்லை. மறுவிற்பனைத் தளத்தில் 15 விழுக்காட்டை இழந்து விற்பதுதான் மிச்சம்.

ஃபிஃபா என்ன சொல்கிறது?

இலாப நோக்கமற்ற அமைப்பு என்பதால் வரும் வருமானம் மீண்டும் காற்பந்துக்கே போகிறது என்பது ஃபிஃபாவின் வாதம். அதன் 211 உறுப்புச் சங்கங்களில் மலேசியாவும் ஒன்று. சிறிய நாடுகளின் திடல்களுக்கும் பயிற்சிக்கும் செல்லும் பணம் இந்தப் போட்டியிலிருந்துதான் வருகிறது என்பதில் உண்மை இருக்கிறது. வட அமெரிக்காவில் விளையாட்டு டிக்கெட் விற்பனை இப்படித்தான் நடக்கிறது என்றும், கோரிக்கைகளின் எண்ணிக்கையே மக்களின் விருப்பத்துக்குச் சான்று என்றும் அது கூறுகிறது.

மறுபக்கம், நியூயார்க் நகர மேயர் பதவிக்குப் போட்டியிட்ட இந்திய வம்சாவளியினரான ஸோஹ்ரான் மம்தானி, 2025 செப்டம்பரிலேயே இதை ஒரு வாழ்க்கைச் செலவுப் பிரச்சினையாக எழுப்பினார். மாறும் விலை முறையைக் கைவிட வேண்டும், மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு வேண்டும், 15 விழுக்காடு டிக்கெட்டுகளை உள்ளூர் மக்களுக்குச் சலுகை விலையில் ஒதுக்க வேண்டும் என்று அவர் கோரினார். அரங்கத்துக்கு அருகிலேயே வாழும் தொழிலாளிக்கே எட்டாத விலை என்று அங்குள்ளவர்கள் குரல் எழுப்பும்போது, பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்தில் வாழும் நம் தொழிலாளிக்கு அது எவ்வளவு தூரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சேமிப்பும் கடனும்

உலகக் கிண்ணம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. மெஸ்ஸியை, ரொனால்டோவை இனி இந்த மேடையில் பார்க்க முடியாமல் போகலாம் என்ற எண்ணம் கையைச் சேமிப்பின் பக்கம் இழுக்கும். அப்படி இழுக்கும் இடங்களில் முதலாவது ஊழியர் சேமநிதி.

2024 மே 11 முதல் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு அக்கவுன் ஃபிளெக்ஸிபல் எனும் மூன்றாம் கணக்கில் சேர்கிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். மாதம் 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடும் முதலாளி பங்கு 13 விழுக்காடும் சேர்ந்து சுமார் 408 ரிங்கிட் சேமநிதிக்குப் போகிறது. அதில் மூன்றாம் கணக்குக்கு வருவது சுமார் 41 ரிங்கிட். ஒரு குழு ஆட்டத்தின் மலிவான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் வேண்டிய 1,460 ரிங்கிட் அந்தக் கணக்கில் சேர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். இறுதியாட்ட டிக்கெட்டின் 16,740 ரிங்கிட் சேர 34 ஆண்டுகள் ஆகும். ஒருவரின் உழைக்கும் வயது முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது கடனட்டை. கட்டாமல் விடும் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி வரும். 20,000 ரிங்கிட்டை அப்படியே வைத்திருந்தால் ஓராண்டில் வட்டி மட்டும் 3,600 ரிங்கிட். குறைந்தபட்ச சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கும் மேல். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரும், அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டத்தில் இடமில்லை. அதற்கு மேல் கேட்பவர் ஆலோங். அந்த வாசலுக்கு ஓர் ஆட்டத்துக்காகப் போன குடும்பம் எத்தனை ஆண்டுகள் தவிக்கும் என்பதை நம் சமூகம் நன்கு அறியும்.

மூன்றாவது கூட்டு. தோட்டத்திலும் ரயில்வே குடியிருப்புகளிலும் திருமணத்துக்கும் காரியத்துக்கும் கைகொடுத்த வழக்கம் அது. அந்தத் தமிழ்ச் சொல்லே 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டத்தின் பெயரில் இடம்பெற்றிருக்கிறது. உலகக் கிண்ணக் கூட்டு என்று புலனக் குழுக்களில் யாராவது ஆள் சேர்த்தால், அதை நடத்துவது சட்டப்படி குற்றம் என்பதையும், பணம் போனால் கேட்க வழியிருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசியாக மோசடி. உலகக் கிண்ண டிக்கெட் காகிதத்தில் வருவதில்லை. ஃபிஃபாவில் பதிவு செய்த கணக்கின் வழியாகக் கைப்பேசிச் செயலிக்கு வருகிறது. டிக்கெட்டின் படத்தை அனுப்பிப் பணம் கேட்பவர், விசாவோடு சேர்த்து முழுப் பயணத்தையும் உறுதி செய்கிறேன் என்பவர், தனிநபர் வங்கிக் கணக்கில் முன்பணம் போடச் சொல்பவர் ஆகிய மூவரையும் நம்ப வேண்டாம். பணம் கட்டிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் உடனடியாகத் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அழைப்பு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

வாசலுக்கே வந்த போட்டிகள்

பெரிய ஆட்டம் என்பது எப்போதும் கடல் கடந்து போய்ப் பார்க்க வேண்டியதாக இருந்ததில்லை. 1957-இல் மெர்டேக்கா அரங்கம் திறக்கப்பட்ட ஆண்டிலேயே மெர்டேக்கா கிண்ணப் போட்டி தொடங்கியது. ஆசியாவின் பல அணிகள் அந்தத் திடலுக்கு வந்தன. செந்தூல் ரயில் பட்டறைத் தொழிலாளியும் கிள்ளான் தோட்டத் தொழிலாளியும் அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்துப் பார்க்கக்கூடிய தூரத்தில் அவை நடந்தன. 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி அதே அரங்கில்தான் மலேசியா 2-1 என்று தென் கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஸ்பைடர்மேன் என்று அழைக்கப்பட்ட ஆர். ஆறுமுகம் அன்று கோல் காத்தார். அரசியல் காரணமாக மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது வேறு கதை.

1997 ஜூன், ஜூலையில் ஃபிஃபாவின் உலக இளையோர் கிண்ணமே மலேசியாவுக்கு வந்தது. பிரான்சின் தியேரி ஹென்றி, டேவிட் ட்ரெசகே, இங்கிலாந்தின் மைக்கல் ஓவன், அர்ஜெண்டினாவின் ரிக்கெல்மே, ஐமார் ஆகியோர் இளைஞர்களாக இங்கே ஆடினர். ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜெண்டினா 2-1 என்று உருகுவேயை வென்றது. மறு ஆண்டே ஹென்றியும் ட்ரெசகேயும் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார்கள். அவர்களைக் கண்ணால் பார்க்கக் கிள்ளான் பள்ளத்தாக்கு ரசிகருக்குக் கடப்பிதழ் தேவைப்படவில்லை.

2007-இல் ஆசியக் கிண்ணத்தை நான்கு நாடுகளில் ஒன்றாக மலேசியா ஏற்று நடத்தியது. நம் அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது வருத்தம்தான். ஆனால், அந்த ஆண்டு கிண்ணத்தை வென்ற ஈராக், தென் கொரியாவைப் பெனால்டியில் வீழ்த்திய அரையிறுதியைப் புக்கிட் ஜாலிலில் பார்க்க முடிந்தது. 2010 டிசம்பர் 26-ஆம் தேதி பயிற்றுநர் கே. ராஜகோபாலின் அணி இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, சுசுகி கிண்ணத்தை நோக்கி நடைபோட்டதும் அதே புக்கிட் ஜாலிலில்தான்.

கைக்கெட்டும் வழிகள்

வெளிநாடு போய் ஒரு பெரிய போட்டியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு உலகக் கிண்ணம் மட்டுமே வழி அல்ல. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் டிக்கெட் விலை 25 கத்தார் ரியாலில் தொடங்கியது. அது 7 டாலருக்கும் குறைவு. மலேசியா தென் கொரியாவோடு 3-3 என்று சமன் கண்ட அந்த மறக்க முடியாத ஆட்டம் அந்தப் போட்டியில்தான் நடந்தது. அடுத்த ஆசியக் கிண்ணம் 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் தொடங்குகிறது. வட்டார நாடுகளுக்கான ஆசியான் கிண்ணமோ உலகக் கிண்ணம் முடிந்த சில நாட்களில், ஜூலை இறுதியில் தொடங்குகிறது. அதில் நம் அணியின் சொந்த மண் ஆட்டங்களும் உண்டு.

உலகக் கிண்ணத்தைப் பொறுத்தவரை, நம்மில் பெரும்பாலோருக்கு அது எப்போதும் திரையில் பார்க்கும் திருவிழாதான். தொடக்க ஆட்டம் மலேசிய நேரப்படி ஜூன் 12 வெள்ளிக்கிழமை அதிகாலை 3 மணிக்கு. இறுதியாட்டம் ஜூலை 20 திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்கு. ஆட்டம் முடியும்போதும் விடிந்திருக்காது. மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கோடு அதைப் பார்த்துவிட்டு நேராக வேலைக்குப் போகிறவர்கள் செந்தூலில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் செலவழித்தது சில வெள்ளியும் ஓர் இரவுத் தூக்கமும்தான்.

போக வசதி உள்ளவர்கள் கணக்குப் போட்டுவிட்டு மகிழ்ச்சியாகப் போய் வரட்டும். கடன் வாங்கித்தான் போக முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள், அந்த 34 ஆண்டுக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறு நிமிட ஆட்டம் முடிந்த பிறகும் கடன் தவணை மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கும்.